ஜமீனுக்குச் சோறு கிடையாது

இன்னும் போகவில்லை. பூனைத் தட்டிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, மீன்தொட்டியில் போடுகிற வழவழப்பான கூழாங்கல்லைக் கழுவிப் பரப்பி வைத்தாயிற்று, கையில் அந்தக் காகிதப் பட்டையோடு புழக்கடைக் குளியலறைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தும் ஆயிற்று, ஜமீன் மட்டும் அசையவில்லை. துணி துவைக்கிற கல் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. பெரிய தலை, அதைவிடப் பெரிய வயிறு, வயிற்றுக்கு அடியில் எங்கேயோ நாலு கால். பார், பார், எத்தனை நேரம் அடக்குவாய், பிடிவாதக்கார ஆம்பிளை ஒருத்தரோடு ஆயுசு பூராவும் குடித்தனம் பண்ணினவள் நான், உன் வீம்பெல்லாம் எனக்குப் புதிதில்லை. மணலில் போனால் மணல் குடித்துவிடும். கல்லில் போனால் அடியில் தேங்கும், தேங்கியதில் இந்தப் பட்டையின் நுனியை நனைத்து எடுத்தால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பழுப்பு என்றால் நாளைக் காலையிலிருந்து ஊசி. மிருக டாக்டர் நஸ்ரீன் போன வாரமே சொல்லிவிட்டாள், என் மகள் வயசுதான் இருக்கும் அவளுக்கு, ஆனால் பேச்சு சுத்தம். "ஆச்சி, சாப்பாட்டுலயே இறங்கிருச்சுன்னா இவனுக்கு அதவிட நல்லது கிடையாது. இறங்கலன்னா ஊசிதான், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. இந்த வயசுக்கும் இந்த வெயிட்டுக்கும் எம்புட்டு நாள் தாங்குவான்னு என்னால சொல்ல முடியாது." ஒரு பூனை மூத்திரம் போவதற்காகக் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் ஒருத்தி காவல் கிடக்கிறாள் என்று தெரிந்தால் இந்தத் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும், சிரிக்கிறவர்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் இறங்கியிருக்கிறது போல.

ஊசி எனக்குப் புதிதில்லை, அதுதான் பயம். மருந்தை உறிஞ்சி, குமிழியைத் தட்டி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம், ரயில்வே பார்சல் ஆபீசில் ஊர் மூட்டையெல்லாம் எடை போட்ட மனுஷர், தன் எடையை மட்டும் பார்க்க மாட்டார், அவருக்கும் இதே சர்க்கரைதான், ஊசிக்கு முந்தி மாத்திரை, மாத்திரைக்கு முந்தி சாப்பாடு, எல்லாம் படிப்படியாக ஏறி வந்தது. சாப்பாட்டில் அடங்கும் என்றார்கள், அடங்கவில்லை. மாத்திரையில் அடங்கும் என்றார்கள். பிறகு ஊசி. ஊசி வந்த பிறகு இந்த வீட்டில் எதுவும் திரும்பிப் போகவில்லை, காலில் கொப்புளம் வந்தது, கொப்புளம் ஆறவில்லை, பிறகு மூத்திரக்காய், கிட்னி போயிற்று என்றார்கள், பிறகு அவர் கட்டில் காலியாகி, மெத்தையை வெயிலில் போட்டுச் சுருட்டி வைத்தேன். ஊசியால்தான் அதெல்லாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் நாலு எழுத்து தெரியும். ஆனால் மனசு கேட்கவா செய்கிறது, குளிர்ப்பெட்டிக் கதவில் முட்டைக் குழிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் குப்பி மறுபடியும் வந்து உட்கார்ந்தால் அதோடு வேறொன்றும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று தோன்றுகிறது. முட்டைக் குழியில் நாங்கள் முட்டை வைத்ததில்லை, எலுமிச்சம்பழம்தான் வைப்போம், சைவ வீடு. வைப்போம் என்கிறேன். இப்போது வைப்பது நான் ஒருத்திதான்.

தண்ணீரில்தான் ஆரம்பித்தது. இவனுக்கும் அவருக்கும். அவர் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தால் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்குவது அடுப்படியிலிருந்து தெரியும், குடித்து முடித்துச் செம்பை நங்கென்று வைப்பார், சற்று நேரத்தில் மறுபடியும் நங். அந்தச் சத்தம் நின்று போய் வீடே ஊமையாகிக் கிடந்தபோதுதான் ஒருநாள் புழக்கடை வாளியிலிருந்து ளப் ளப் என்று கேட்டது. ஜமீன் வாளி விளிம்பில் முன்னங்காலை ஊன்றிக் குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கட்டும், சித்திரை வெயில் என்று நினைத்தேன். வைகாசியிலும் குடித்தது, ஆனியில் சாரல் அடிக்கும்போதும் குடித்தது. பிறகு பின்னங்கால். பூனை நுனிவிரலில் நடக்கும், சத்தமில்லாமல், அதுதானே பூனை. இது குதிகாலைத் தரையில் பதித்து நடக்க ஆரம்பித்தது, தொப்புத் தொப்பென்று. அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். கால் மரத்துப்போனபிறகு தரை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி வைப்பாரே, அதே நடை. இந்தப் பூனையைக் குட்டியாகப் பார்சல் ஆபீஸ் கூடையிலிருந்து எடுத்து வந்தவர் அவர், ஜமீன் என்று பெயர் வைத்தவர் அவர், மடியில் போட்டுக்கொண்டு தன் தட்டிலிருந்து தயிர்ச்சோறு ஊட்டியவர் அவர். தன் வியாதியையும் ஊட்டிவிட்டுப் போய்விட்டாரோ என்று நினைத்தேன். அவர் மேல் ஆத்திரமாக வந்தது. செத்த மனுஷர் மேல் ஆத்திரப்படக்கூடாது என்பார்கள், எனக்கு வந்தது, நான் என்ன செய்ய.

டாக்டர் பொண்ணு கேட்ட முதல் கேள்வியே, "இவ்வளவு நாளா என்ன குடுத்தீங்க?" என்பதுதான். பெருமையாகச் சொன்னேன், தயிர்ச்சோறு, பால்சோறு, சாயங்காலம் பாலில் ஊறின பிஸ்கட், கார்த்திகைக்கு அப்பம், எங்க வீட்டுப் பூனை ஒரு மீன்முள்ளைக்கூட மோந்து பார்த்ததில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஆச்சி, பூனை சைவம் கிடையாது. நாம சைவமா இருக்கலாம், அதோட உடம்புக்கு அரிசி ஆகாது. இத்தன வருஷம் சர்க்கரைய உருட்டி உருட்டிக் குடுத்திருக்கீங்க." எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சோறு நிறுத்தணும், பால் நிறுத்தணும், கடையில் விற்கிற மொறுமொறு தீனியும் கூடாது, அதிலும் மாவுதான். கோழியை வேகவைத்து, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் பிய்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவில் வருகிற ஈரத் தீனி. "ஆனா பட்டினி மட்டும் போட்டுராதீங்க. குண்டுப் பூனை ரெண்டு நாள் திங்காம கிடந்தா ஈரல் போயிரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடை குறையணும்." ஆடி பிறந்ததும் ஆரம்பித்தேன். சண்முகவடிவு நான், பிறந்ததிலிருந்து வெங்காயத்துக்கே விரத நாள் பார்க்கிறவள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கறிக்கடை வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். "ஆச்சி, வழி தவறி வந்துட்டீகளா?" பூனைக்கு என்றேன். நம்பினாரோ என்னவோ, தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் இன்றைக்கும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்காத குறைதான். புழக்கடையில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. முதல் நாள் அந்த வாடை அடித்ததும் வாந்தி எடுத்தேன். இப்போது புரட்டாசி, ஊரே கறி தின்னாத மாதத்தில் நான் கோழி வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துப் பிய்க்கும்போது விரலில் அந்த வெள்ளை நார் ஒட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பிய்ப்பேன், பிய்த்து வைத்தால் ஜமீன் வந்து நாலு வாய் தின்னும், பிறகு என்னவோ விருந்தாளி மாதிரி எழுந்து போய்விடும். அதுதான் எனக்குப் புரியவில்லை. முன்னைவிடக் குறைவாகத்தான் தின்கிறது, வயிறு குறையவில்லை. தண்ணீர் குறையவில்லை. டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வெளிய எங்கயாச்சும் திங்கானா?" சத்தியமாக இல்லை என்றேன், காம்பவுண்டைத் தாண்டி அதால் எங்கே போக முடியும், இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர், எடுத்து விட்டாலும் ஏறாது. பிறகு ஏன் இறங்கவில்லை. சாப்பாட்டில் அடங்கும் என்றார்கள், அடங்கவில்லை. அதே வாசல், அதே படி, ஒவ்வொன்றாக.

பருப்புக் குக்கர் சத்தம் போடுகிறது. இரு ஜமீன், வந்துவிடுகிறேன், நான் இல்லாத நேரம் பார்த்துப் போய்விடாதே. குளித்தாயிற்று, சோறு வடித்தாயிற்று, வாழையிலைத் துண்டில் முதல் கரண்டி அவருக்கு. அவர் போனதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை, காக்காய்க்கு வைக்காமல் நான் வாயில் பருக்கை வைத்ததில்லை. பச்சரிசிச் சோறு, மேலே பருப்பு, அதற்கு மேல் குளம் மாதிரி நெய். பக்கத்தில் ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கலோ, பாயசத்து அடிவண்டலோ, விரல் நுனி அளவு அல்வாவோ, தினம் ஏதாவது ஒன்று. உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாததையெல்லாம் இப்போது கொடுக்கலாமே, இப்போது எந்த டாக்டர் வந்து கையைப் பிடிக்கப் போகிறார். கோதுமைக் கஞ்சியும் பாகற்காயும் தின்று தின்று நாக்கு செத்துப் போனது என்பார். சாகட்டும், நாக்கு செத்தால் பரவாயில்லை, நீங்கள் இருந்தால் போதும் என்பேன். இப்போது தின்னுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் அடித்திண்டில் இலையை வைத்து, தண்ணீர் சுற்றி, கா கா என்று நாலு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவேன். நின்று பார்க்கக்கூடாது, பார்த்தால் வராது என்பார்கள். சாயங்காலம் துணி எடுக்கப் போகும்போது இலை துடைத்து வைத்த மாதிரி இருக்கும். காக்காய் கொத்தினால் நாலு பருக்கை சிந்தும், இதில் ஒன்றுகூடச் சிந்தியதில்லை. அவரும் அப்படித்தான், இலையை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பூனாவில் இருக்கிற மகள் கோமதியிடம் தினமும் போனில் சொல்வேன், "அப்பா இன்னைக்கும் வந்துட்டுப் போயிட்டாங்க." அவள் "சரிம்மா" என்பாள். எனக்கு அந்த இலையைப் பார்த்தால் போதும், ராத்திரி தூக்கம் வரும். மூட்டு வலியோடு இவ்வளவு படி ஏறுகிறேன் என்றால் அதற்காகத்தான்.

இறங்கி வந்தால் ஜமீன் தட்டில் நிற்கிறது. வாலை விறைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதோ கோயில் குளத்துக் கடைசிப் படியில் நிற்கிறவர் மாதிரி. நான் மூச்சு விடவில்லை. போய் முடித்துவிட்டுக் கல்லை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைத் தாண்டி நடந்தது, தொப்புத் தொப்பு. தட்டைச் சாய்த்தேன், மூலையில் தேங்கியது, பட்டையை நனைத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முப்பது எண்ணி முடிக்கும்வரை பார்க்கக்கூடாது என்று மானத்தைப் பார்த்தேன். கொடியில் என் ஒற்றைப் புடவை. முன்னே அவர் வேட்டியும் கிடக்கும். நீலமாக இருக்கட்டும், முருகா, பச்சையாகவாவது இருக்கட்டும், இத்தனை நாள் கோழியைத் தொட்டிருக்கிறேன், அதற்காகவாவது. பார்த்தேன். பழுப்பு. டப்பாவின் மேல் இருக்கிற கட்டங்களில் கடைசிக் கட்டம். வெயிலில் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், பழுப்பு பழுப்பாகத்தான் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். "சரி ஆச்சி. நாளைக்குக் காலையில கொண்டு வாங்க, ஊசி எப்படிப் போடணும்னு காட்டித் தாறேன்." எனக்குக் காட்ட வேண்டாம் தாயே, எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லாமல் போனை வைத்தேன். முக்காலியில் உட்கார்ந்தேன். என் கை. இந்தக் கைதான் அவர் வயிற்றைக் கிள்ளிப் பிடித்தது. இப்போது மருந்துக் கோடு எனக்குச் சரியாகத் தெரிவதில்லை, ஒரு கோடு கூடினால் சர்க்கரை தடாலென்று இறங்கி வெட்டு வலிப்பு வந்து விழுந்துவிடுமாம், தனி வீட்டில் நான் யாரைக் கூப்பிடுவேன். கோமதி வேறு பூனாவுக்கு வா வா என்கிறாள், ஜமீன் இருக்கிறதே, எப்படி வர என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜமீன் போய்விட்டால் அந்தச் சாக்கும் போய்விடும். சாக்கு என்கிறேன், அதுதான் நிஜம். அது போனால் அவரைத் தெரிந்த உயிர் என்று இந்த வீட்டில் என்னைத் தவிர எதுவும் இருக்காது.

ஜமீன் எங்கே. துவைக்கிற கல் பக்கத்தில் இல்லை. கோழியைப் பிய்த்து வைத்திருந்தேன், அப்படியே இருக்கிறது, எறும்பு வந்துகொண்டிருக்கிறது. அடுப்படியில் இல்லை, அவர் சாய்வு நாற்காலிக்கு அடியில் இல்லை, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் சுருட்டி வைத்த மெத்தைதான் இருக்கிறது. ஜமீன், ஜமீன். சாகப் போகிற பூனை மறைவிடம் தேடிப் போகும் என்பார்களே, அது ஞாபகம் வந்ததும் நடை ஓட்டமாயிற்று. பட்டையின் நிறத்தை அதுவும் பார்த்துவிட்டதா. பைத்தியம் மாதிரி நினைக்காதே வடிவு. பீரோவுக்குப் பின்னால், விறகுக் கொட்டிலில், கிணற்று மூடிக்கு மேலே. இல்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தொப். கொஞ்சம் இளைப்பாறல். தொப். நிஜமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அவர் என்றுதான் தோன்றியது, கடைசி வருஷம் படி ஏறக் கூடாது என்றிருந்தும் நான் பார்க்காதபோது ஏறுவார், மேலே போய் பீடியா, பலகாரமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மாடிக் கதவுக்கு எப்போதும் தாழ் போடுவதில்லை, ஒருச்சாய்த்துத்தான் வைப்பேன், அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். தொட்டித் திண்டில் ஜமீன் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இலைக்கு நேராகச் சப்பணம் போட்ட மாதிரி, தலையைக் குனிந்து, நிதானமாக, அவசரமே இல்லாமல், நெய்ச்சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் பொங்கல் உருண்டையைத் தின்றாயிற்று போல, அந்த இடம் காலி. பிறகு பருப்பு. இலையின் ஓரத்தை நாக்கால் இழுத்து, ஒரு பருக்கை சிந்தாமல்.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அடப் பாவி, அடக் கள்ளா, கீழே கோழியை விருந்தாளி மாதிரி மோந்து பார்த்துவிட்டு மேலே வந்து தெவசச் சாப்பாடு சாப்பிடுகிறாயா. ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன், மீசையெல்லாம் நெய், வாயோரத்தில் ஒரு முந்திரித் துணுக்கு. அப்போதே ஒரு கையால் அதை இடுக்கிக்கொண்டு இடுப்பிலிருந்த போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன், மூச்சு வாங்கியது, சொல்லும்போது அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. காக்காச் சோறும்மா, தினமும் நெய்யும் வெல்லமுமா நானே மேலே கொண்டு வச்சிருக்கேன். "ஐயோ ஆச்சி" என்றாள், பிறகு அவளும் சிரித்தாள். "அப்போ அவன் இன்னும் டயட்டையே ஆரம்பிக்கல. சோத்துக்கு ஊசி போட்டுட்டு, அப்புறம் சோத்த நிப்பாட்டினா சர்க்கரை தாழ்ந்து போயிரும், அது வேற ஆபத்து. நாளைக்கு ஊசி வேண்டாம். கோழி மட்டும் குடுங்க, அளவா, ஒழுங்கா. மறுபடியும் கல்லு வச்சுப் பாப்போம். நல்லாத் திங்கான், தெம்பா இருக்கான், இறங்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு." இறங்கும். இறங்கும் என்று சொல்லிவிட்டாள். ஜமீனை அப்படியே நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன், அது திமிறியது, அதற்கு இலை மேல்தான் கண். எத்தனை காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு நல்ல சேதி வந்திருக்கிறது, யாரிடமாவது சொல்ல வேண்டும், முதலில் அவரிடம்தான் என்று இலையைப் பார்த்தேன். பாதி தின்ற இலை. எச்சில் இலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் வரவே இல்லை. ஒரு நாள்கூட. நேற்று இல்லை, முந்தாநாள் இல்லை, தீபாவளிக்கு அல்வா வைத்த அன்றைக்கு இல்லை, அவர் திதியன்று வைத்த வடை பாயசத்துக்கும் இல்லை. தினமும் சாயங்காலம் அந்த இலையை நெஞ்சில் வைத்துக்கொள்ளாத குறையாக எடுத்துக்கொண்டு இறங்கினேனே, அது பூனை நக்கிய இலை. கோமதியிடம் சொன்னேனே. கோமதி தெரிந்துதான் சரிம்மா சரிம்மா என்றாளோ. மனசு கணக்குப் போடுகிறது, அவர் வந்து இலையை வழித்திருந்தால் கோழியிலும் சர்க்கரை அடங்கவில்லை என்று அர்த்தம், ஜமீன் செத்துப்போகும், அவர் வராததால்தான் ஜமீன் பிழைக்கும், இதில் எதற்குச் சந்தோஷப்படுவது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. காரியத்தன்று ஆற்றங்கரையில் பிண்டம் வைத்தபோது காக்காய் வரவில்லை, எல்லாரும் வெயிலில் நின்றோம், அவர் அண்ணாச்சிதான் சொன்னார், "என்னமோ குறை இருக்கு அவனுக்கு, வாய்விட்டுச் சொல்லுங்க, அப்பத்தான் எடுக்கும்." கோமதி அழுதுகொண்டே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணாச்சி, வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த வீட்டு வழக்கை முடித்துத் தருகிறேன் என்றார். ஆலமரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்து கொத்திக்கொண்டு போயிற்று. பார்த்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன். அது பொய்யில்லையே. அப்படியானால் இன்றைக்கும் வரலாமே, இத்தனை நாள் வராதது இந்தக் குண்டன் திண்டில் உட்கார்ந்து காவல் காத்ததால்தானே, பூனை இருக்கும்போது எந்தக் காக்காய் வரும். கீழே போனேன். ஜமீனை அறையில் போட்டு அடைக்க மனசு வரவில்லை, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டே இன்னொரு இலைத் துண்டை நறுக்கி, இன்னொரு கரண்டி சோறு, பருப்பு, நெய். மறுபடியும் படி. பிள்ளையைத் தூக்கிச் சுமந்த காலத்தில்கூட இப்படி இடுப்பு கழன்றதில்லை.

எச்சில் இலையை எடுத்துவிட்டுத் திண்டைக் கழுவி, புது இலையை வைத்து, கா கா என்றேன். இந்தத் தடவை இறங்கவில்லை. கதவருகில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டுக் கேபிள் ஒயரில் இரண்டு காக்காய் இருந்தன. ஒன்று அலகைத் துடைத்துக்கொண்டது. மற்றது பறந்து போயிற்று. ஜமீன் தோளில் கிடந்து உறுமுகிறது, சோற்று வாசனை அதற்கு. கிடையாது உனக்கு, இனிமேல் கிடையாது, எவ்வளவு கத்தினாலும் கிடையாது. மிச்சமிருந்த காக்காய் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, இலையைப் பார்த்தது, வரவில்லை. சரி, என்ன குறை, சொல்லுங்கள். பூனையைப் பார்த்துக்கொள்கிறேன், சாக விடமாட்டேன். வரவில்லை. கோமதியிடம் போய் இருக்கச் சொல்கிறீர்களா, போகிறேன், ஜமீனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கும் வரவில்லை. பின்னே என்ன வேண்டும், நெய் போதாதா. எனக்குக் கோபம் வந்துவிட்டது, உயிரோடு இருந்த காலத்தில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பாரே, அதே வீம்பு. நான் எதிரில் நின்று ஒவ்வொரு கவளமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன், எத்தனை கரண்டி, எவ்வளவு பருப்பு, எவர் கையால் என்ன வந்தது என்று. அவர் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார், "ஏளா, நீ இப்படிப் பாத்துக்கிட்டே நின்னா மனுஷன் எப்படித் திங்கது? செத்த அந்தப் பக்கம் திரும்பேன்." நான் திரும்பியதில்லை. திரும்பியிருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் இப்போது எதற்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இனிமேல் கூடுவதற்கு என்ன இருக்கிறது, குறைவதற்கு என்ன இருக்கிறது. "சரி, பாக்கல. சாப்பிடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு மாடிக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பழைய கதவு, பச்சைப் பெயின்ட் உதிர்ந்து கீழே மரம் தெரிகிறது. அழுகை வந்தது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் ஜமீன். அது என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சும்மா கிடந்த உடம்பு திடீரென்று விறைத்தது. காது இரண்டும் நிமிர்ந்தன, என் கன்னத்தில் உரசின. பறவை பக்கத்தில் வந்து இறங்கினால் பூனை தாடையை நடுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போடும், பல்லோடு பல் அடிக்கிற மாதிரி, க்க க்க க்க என்று. அந்தச் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நான் திரும்பவில்லை. ஜமீனின் தலையைத் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று.